நம்பிக்கை இழந்தவர் கூறிய நன்றி: ஆஸ்திரேலியப் போர்வீரர் ஆல்பர்ட் ஃபேசி

போர்களின் வரலாற்றில் அரசர்களின் பெயர்களும் படைத்தலைவர்களின் பெயர்களும் எளிதில் இடம் பெறுகின்றன. அவர்களுடைய கட்டளைக்குப் பணிந்து அகழிகளில் கிடந்த சாதாரண வீரர்களின் பெயர்களோ பெரும்பாலும் கல்லறைகளிலும் நினைவுத் தூண்களிலும் மட்டுமே காணப்படும். உயிரோடு வீடு திரும்பியவர்களைப் பற்றி நாம் அறிவது இன்னும் குறைவு. அவர்கள் எவ்வாறு பிழைத்தனர், யாரை மணந்தனர், எதை நம்பினர், எதை நம்ப மறுத்தனர் என்பனவற்றை அவர்களே எழுதிவைத்தாலன்றி நாம் அறிய வழியில்லை. எழுதும் பயிற்சியும் ஓய்வும் அவர்களுள் மிகச் சிலருக்கே வாய்த்தன.

அத்தகைய சிலருள் ஒருவர் ஆல்பர்ட் பார்னெட் ஃபேசி. 1981ஆம் ஆண்டு மேற்கு ஆஸ்திரேலியாவில் அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. அதன் தலைப்பைத் தமிழில் 'ஒரு பாக்கிய வாழ்வு' எனலாம். அந்நூலின் ஆசிரியர் தந்தையை இழந்து, தாயால் விடப்பட்டு, எட்டு வயதிலேயே கூலி வேலைக்குச் சென்றவர்; முதல் உலகப்போரில் இரு உடன்பிறந்தாரையும், இரண்டாம் உலகப்போரில் ஒரு மகனையும் பறிகொடுத்தவர். அவர் தம் வாழ்வைப் பாக்கியம் என்று அழைத்தார். அதே நூலில், கடவுள் இல்லை என்றும் ஐயத்திற்கிடமின்றி எழுதினார்.

இவ்விரண்டு கூற்றுகளும் ஒரே மனிதரின் வாயிலிருந்து வந்தவை. முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை மறைப்பது பிரசங்கியாருக்கு எளிது. இரண்டாவதை எடுத்துக்கொண்டு அம்மனிதரையே ஒதுக்கிவிடுவதும் எளிது. இரண்டையும் சேர்த்துக் கேட்பதே வரலாற்று மாணவரின் கடமை. ஆயரின் கடமையும் அதுவே. அவ்வாறு கேட்பதற்கு அவருடைய வாழ்வை இக்கட்டுரை சுருங்க எடுத்துரைக்கிறது.

1. வீடற்ற இளமை

ஃபேசி 1894 ஆகஸ்டு 31ஆம் நாள் விக்டோரியாவிலுள்ள மெய்ட்ஸ்டோனில் பிறந்தார். அக்காலத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்டிருந்தது. பிழைப்புத் தேடி அங்குச் சென்ற தந்தை 1896இல் டைபாய்டு காய்ச்சலால் இறந்தார். மூத்த பிள்ளைகளைக் காணத் தாயும் மேற்கே சென்றார். சிறு பிள்ளைகள் பாட்டியின் பொறுப்பில் விடப்பட்டனர். தாய் திரும்பி வரவில்லை. 1899இல் பாட்டியே பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார். சில ஆண்டுகளுக்குப்பின் அக்குடும்பம் பெர்த் நகருக்குத் தென்கிழக்கே, புதிதாகக் காடழித்துக் கோதுமை பயிரிடப்பட்ட விக்கெப்பின் பகுதியில் குடியேறியது.

வறுமையின் காரணமாகச் சிறுவன் ஆல்பர்ட் எட்டு வயதிலேயே பிறர் பண்ணையில் வேலைக்கு அனுப்பப்பட்டான். முதற்பண்ணையில் கூலி கிடைக்கவில்லை, கிடைத்தது சாட்டையடி. குடிவெறியில் ஒருவன் குதிரைச் சாட்டையால் அடித்த காயங்களின் தழும்புகள் அவர் உடலில் நெடுநாள் இருந்தன. அங்கிருந்து தப்பி ஓடியபின் ஒரு பண்ணையிலிருந்து மறு பண்ணைக்கு என்று அவருடைய இளமை கழிந்தது. மகனாக ஏற்றுக்கொள்வதாகச் சொன்னவர்களும் இருந்தனர், அச்சொல் நிறைவேறவில்லை. முறையான பள்ளிப்படிப்பு அவருக்குக் கிட்டவில்லை. எழுத்துகளைத் தாமே முயன்று கற்றார்.

இளைஞரானபின் கிணறு தோண்டினார், வேலி அடைத்தார், இருப்புப்பாதை வேலை செய்தார், ஊர் ஊராகச் செல்லும் குத்துச்சண்டைக் குழு ஒன்றிலும் சேர்ந்தார். வடமேற்கிலிருந்து மாட்டு மந்தையை ஓட்டிவந்த பயணமொன்றில் வழி தவறிப் பல நாட்கள் காட்டில் அலைந்தார். அப்போது அவரைக் கண்டெடுத்துக் காப்பாற்றியவர்கள் அந்நாட்டுப் பழங்குடி மக்கள். அவர்களுடைய நிலத்தில்தான் குடியேறிகள் கோதுமை விதைத்துக்கொண்டிருந்தனர் என்பதை இங்கு நினைவில் கொள்ளல் வேண்டும்.

2. போரும் பிரசங்க மேடையும்

1914 ஆகஸ்டு 4ஆம் நாள் பிரிட்டன் ஜெர்மனியின்மீது போர் அறிவித்தது. பிரிட்டிஷ் பேரரசின் அங்கமாயிருந்த ஆஸ்திரேலியாவும் உடனே போரில் இறங்கியது. அந்நாட்டின் மக்கள்தொகை அப்போது 50 இலட்சத்துக்கும் குறைவு. அதிலிருந்து 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் படையில் சேர்ந்தனர். சுமார் 60,000 பேர் மடிந்தனர். அவர்கள் அனைவரும் தாமாகச் சேர்ந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. கட்டாயப் படைச் சேவையைக் கொண்டுவரும் நோக்கத்துடன் 1916 அக்டோபரிலும் 1917 டிசம்பரிலும் நடந்த இரு பொதுவாக்கெடுப்புகளிலும் மக்கள் அதனை மறுத்துவிட்டனர்.

திருச்சபைகளின் நிலை என்ன? புராட்டஸ்டண்டு சபைகளின் தலைவர்களுள் மிகப் பெரும்பாலோர் இப்போரை நீதியான போர் என்று போதித்தனர். செல்வத்திலும் விளையாட்டிலும் மூழ்கிக்கிடந்த ஒரு நாட்டைத் தூய்மைப்படுத்தக் கடவுள் அனுப்பிய சோதனை இது என்று கூறிய போதகர்களும் இருந்தனர். 1916இல் ஆங்கிலிக்கன் சபையின் பொதுச் சினாடு கட்டாயப் படைச் சேவையை ஆதரித்தது. மெல்பர்னின் கத்தோலிக்க மறைமாவட்டத்தைச் சேர்ந்த டேனியல் மானிக்ஸ் போன்ற சிலரே அதனை வெளிப்படையாக எதிர்த்தனர்.

மற்றொரு செய்தியையும் ஆயர்கள் அறிந்திருத்தல் நல்லது. போரில் ஒருவர் இறந்தால், அச்செய்தியை வீட்டாருக்கு நேரில் தெரிவிக்கும் பொறுப்பு அந்நாட்டில் போதகர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இரக்கத்தின் காரணமாகவே அவ்வாறு செய்யப்பட்டது. விளைவு வேறுவிதமாய் அமைந்தது. போதகர் தெருவில் நடந்துவருவதைக் கண்டாலே தாய்மார்கள் நடுங்கினர். ஞாயிற்றுக்கிழமை மேடையிலிருந்து இளைஞர்களைப் போருக்கு அழைத்த அதே வாய், வார நாளில் அவர்களுடைய மரணத்தையும் அறிவித்தது. நாட்டின் மனத்தில் திருச்சபையின் முகம் எவ்வாறு பதிந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

3. கல்லிப்போலி

ஃபேசி 1915 ஜனவரியில், 20ஆம் வயதில் படையில் சேர்ந்தார். மேற்கு ஆஸ்திரேலியர்களைக் கொண்ட 11ஆம் பட்டாளத்தில் அவர் ஒரு சாதாரணச் சிப்பாய்.

துருக்கியின் டார்டனல்ஸ் நீரிணைப்பைக் கைப்பற்றி, கான்ஸ்டாண்டிநோபிளை அடைவது நேச நாடுகளின் திட்டம். கடற்படையின் முயற்சி 1915 மார்ச்சில் தோல்வியுற்றது. எனவே ஏப்ரல் 25ஆம் நாள் விடியற்காலையில் கல்லிப்போலி தீபகற்பத்தின் கரையில் காலாட்படைகள் இறக்கப்பட்டன. 11ஆம் பட்டாளம் முதலில் கரையிறங்கிய பிரிவுகளுள் ஒன்று. செங்குத்தான மேடுகளுக்கும் கடலுக்கும் இடையே ஒரு சிறிய நிலத்துண்டையே ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளால் பிடிக்க முடிந்தது. எட்டு மாதங்கள் அங்கேயே அகழிகளில் கிடந்தபின், டிசம்பரில் அவர்கள் திரும்ப அழைத்துக்கொள்ளப்பட்டனர். ஆஸ்திரேலியர் 8,000க்கும் மேற்பட்டோரும், தம் நாட்டைக் காத்த துருக்கியர் தரப்பில் 80,000க்கும் மேற்பட்டோரும் அங்கு இறந்தனர்.

தண்ணீர் பற்றாக்குறை, ஈக்கள், வயிற்றுக்கடுப்பு, புதைக்கப்படாத உடல்களின் நாற்றம் ஆகியவையே அன்றாட வாழ்வு. மே 19ஆம் நாள் நடந்த பெருந்தாக்குதலில் துருக்கியர் சுமார் 3,000 பேர் மாண்டனர். அவ்வுடல்களை அடக்கம் செய்வதற்காகவே மே 24ஆம் நாள் இரு தரப்பாரும் சில மணி நேரம் போரை நிறுத்தினர். முந்திய நாள்வரை ஒருவரையொருவர் சுட்டவர்கள் அன்று ஒரே வெளியில் குழி தோண்டினர். மாலையில் மீண்டும் அகழிக்குத் திரும்பினர்.

ஃபேசியின் நினைவில் அழியாமல் நின்றது பயனெட் எனப்படும் துப்பாக்கிமுனைக் கத்தியைக்கொண்டு நேருக்கு நேர் நடந்த சண்டை. தொலைவிலிருந்து சுடுவதும், ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவன் உடலில் கத்தியைப் பாய்ச்சுவதும் ஒன்றல்ல. அவருடைய உடன்பிறந்தார் ஜோசப், ராய் இருவரும் கல்லிப்போலியில் உயிரிழந்தனர். ஃபேசி 1915 ஆகஸ்டில் உடல் நலம் குன்றி அங்கிருந்து அகற்றப்பட்டார். 1916இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவர் நெடுநாள் வாழமாட்டார் என்று மருத்துவர்கள் கருதினர். அதற்குப்பின் அவர் 65 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார்.

போர்க்களத்தில் திருச்சபையின் பணி இல்லாமற்போகவில்லை. 14ஆம் பட்டாளத்தின் பிரஸ்பிட்டேரியன் குரு ஆண்ட்ரூ கில்லிசன், 1915 ஆகஸ்டு 22ஆம் நாள், இரு படைகளுக்கும் நடுவே காயமுற்றுக் கிடந்த ஒரு வீரரின் முனகலைக் கேட்டு, அவரை இழுத்துவர ஊர்ந்து சென்றபோது சுடப்பட்டு இறந்தார். போரை வாழ்த்திய போதகரும், காயமுற்றவனுக்காக உயிர்கொடுத்த குருவும் ஒரே திருச்சபையின் பணியாளர்கள். இரண்டையும் நாம் மறைத்தலாகாது.

4. நினைவும் ஆவணமும்

இங்கு வரலாற்று மாணவர் ஒரு சிக்கலைச் சந்திக்கிறார். ஏப்ரல் 25ஆம் நாள் விடியற்காலையில் கரையிறங்கியவர்களுள் தாமும் ஒருவர் என்று ஃபேசி தம் நூலில் விவரிக்கிறார். படைத்துறை ஆவணங்களோ, அவர் மே 7ஆம் நாளில்தான் துணைப்படையினருடன் பட்டாளத்தை வந்தடைந்தார் என்று காட்டுகின்றன. அவருடைய உடற்காயங்களைப் பற்றிய விவரத்திலும் நூலுக்கும் ஆவணத்துக்கும் வேறுபாடு உண்டு. ஆவணம் இதய நோயைப் பற்றிப் பேசுகிறது. நூல் குண்டுவெடிப்பில் ஏற்பட்ட உட்காயங்களைப் பற்றிப் பேசுகிறது.

அவர் பொய் சொன்னாரா? அவ்வாறு விரைந்து முடிவு செய்தல் தகாது. நிகழ்ச்சிகளுக்கும் நூலுக்கும் இடையே 60 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உள்ளது. அந்த 60 ஆண்டுகளிலும் ஏப்ரல் 25ஆம் நாள் அந்நாட்டின் பெரும் நினைவு நாளாக ஆண்டுதோறும் ஆசரிக்கப்பட்டது. அன்று கரையிறங்கிய தோழர்களுடன் அவர் அகழியில் வாழ்ந்தார். அவர்கள் கதையை அவர்கள் வாயிலிருந்தே கேட்டார். அவர்களுள் பலர் அவர் கண்முன் இறந்தனர். இறந்தவர்களின் கதை, உயிரோடிருந்தவரின் நினைவில் அவருடைய சொந்தக் கதையாகவே கலந்துவிட்டது என்று கொள்ள இடமுண்டு.

திருமறை நூல்களைக் கற்கும் மாணவருக்கு இது புதியதன்று. சாட்சி என்பது நாட்குறிப்பு அன்று. ஒரு சமுதாயம் சேர்ந்து நினைவில் காத்ததை ஒருவர் வாய்மொழியாகச் சொல்வதும் சாட்சியே என்பதை நாம் வகுப்பறையில் கற்றிருக்கிறோம். ஆயினும் அந்த அறிவு, நாள் எது, இடம் எது என்று ஆராயும் கடமையிலிருந்து நம்மை விடுவிப்பதில்லை. ஃபேசி கரையிறங்கியது மே 7ஆம் நாள் என்று திருத்திக்கொள்வோம். அவர் கல்லிப்போலியில் மூன்று மாதங்களுக்கு மேல் போரிட்டதும், உடன்பிறந்தாரை இழந்ததும் ஆவணத்தாலும் உறுதிப்பட்டவை.

5. ஒரு சோடிக் காலுறை

வீரர்களுக்காக ஆஸ்திரேலியப் பெண்கள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சோடிக் கம்பளிக் காலுறைகளைக் கையால் பின்னி அனுப்பினர். கல்லிப்போலியில் ஃபேசிக்குக் கிடைத்த ஒரு சோடியில், பன்பரி என்னும் ஊரைச் சேர்ந்த ஈவ்லின் கிப்சன் என்ற பெண்ணின் பெயருடன், அதனை அணிபவருக்கு நல்வாழ்த்துக் கூறும் துண்டுச்சீட்டு ஒன்று இருந்தது. தாயகம் திரும்பியபின், பெர்த் நகரத் தெருவில் தற்செயலாக அறிமுகமான பெண்ணே அந்த ஈவ்லின் என்று கண்டதாக ஃபேசி எழுதுகிறார். 1916 ஆகஸ்டு 24ஆம் நாள் பன்பரியில் இருவருக்கும் திருமணம் நடந்தது. அவர்களுக்கு ஏழு பிள்ளைகள் பிறந்தனர்.

திருமணத்துக்குப்பின் ஃபேசி பெர்த் நகரில் டிராம் வண்டி ஓட்டினார். 1922இல், போரிலிருந்து திரும்பியவர்களுக்கு நிலம் வழங்கும் அரசுத் திட்டத்தின்கீழ் விக்கெப்பினில் பண்ணை ஒன்றைப் பெற்றார். ஆஸ்திரேலியா முழுவதிலும் 35,000க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் இத்திட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். நாட்டுக்காக உழைத்தவனுக்கு நாடு தரும் கைம்மாறு என்று அது போற்றப்பட்டது. நடைமுறையில் பலருக்கு நிலம் போதவில்லை, முதல் இல்லை, பயிர்த்தொழில் அனுபவமும் இல்லை, அரசிடம் பட்ட கடனோ வளர்ந்துகொண்டே போயிற்று. 1929இல் நீதிபதி பைக் அளித்த அறிக்கை, இத்திட்டத்தால் ஏற்பட்ட இழப்பை 2 கோடி 30 இலட்சம் பவுனுக்கும் மேல் எனக் கணக்கிட்டு, இவ்வனைத்தையும் அதன் காரணங்களாகச் சுட்டியது. போரில் பணியாற்றிய பழங்குடி வீரர்களுக்கோ, மிகச் சிலர் நீங்கலாக, இந்நிலம் வழங்கப்படவேயில்லை. சிறுவன் ஃபேசியைக் காட்டில் காப்பாற்றிய மக்களின் புதல்வர்கள், தங்கள் முன்னோரின் மண்ணிலேயே பங்கு மறுக்கப்பட்டனர்.

1930இல் உலகப் பொருளாதார மந்தத்தால் கோதுமை விலை வீழ்ந்தது. ஃபேசி குடும்பம் சில ஆண்டுகள் போராடியபின், 1934இல் பண்ணையை விட்டுப் பெர்த்துக்குத் திரும்பியது. மீண்டும் டிராம் வண்டி. இம்முறை அவர் தொழிற்சங்கத்தில் முழுமூச்சாக ஈடுபட்டு, டிராம் தொழிலாளர் சங்கத்தின் தலைவராகவும் உயர்ந்தார். பின்னர் சாலை வாரியம் என அழைக்கப்பட்ட உள்ளாட்சி மன்றத்தின் உறுப்பினராகவும், சமாதான நீதிபதியாகவும் பொதுப்பணி ஆற்றினார். பள்ளி காணாத அம்மனிதர் பிறருடைய வழக்குகளைக் கேட்டு நியாயம் சொல்லும் இடத்தில் அமர்ந்தார். சாட்டையடி பட்ட சிறுவனின் நினைவே கூலிக்காரருக்காகப் பேசும் துணிவை அவருக்குத் தந்தது எனலாம்.

6. சிங்கப்பூரிலிருந்து வராத செய்தி

1939இல் மீண்டும் போர் மூண்டது. முதற்போரின் சிப்பாய்கள் தங்கள் மக்களை இரண்டாம் போருக்கு அனுப்பிய தலைமுறையினர் ஆயினர். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சுமார் 15,000 ஆஸ்திரேலியர் அங்குச் சிறைப்பட்டனர். சிங்கப்பூரில் பணியாற்றிய ஃபேசியின் மகன் ஒருவர் அம்மாதத்திலேயே குண்டுவீச்சில் மாண்டுபோயிருந்தார். பெற்றோருக்கு அது உடனே தெரியவில்லை. மகன் சிறையில் உயிரோடு இருக்கக்கூடும் என்ற எண்ணத்தில் அவர்கள் நீண்ட காலம் காத்திருந்தபின்னரே உறுதியான செய்தி வந்தது. அந்த அதிர்ச்சியால் ஈவ்லினின் உடல்நலம் குன்றியது.

இத்துயரம் தமிழருக்கு அயலானதன்று. அதே சிங்கப்பூர் வீழ்ச்சிக்குப்பின், மலேயத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் தாய்லாந்து-பர்மா இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஆஸ்திரேலியக் கைதிகள் உழைத்த அதே பாதையில் மடிந்தனர். அவர்களுக்காகக் காத்திருந்த வீடுகளுக்குப் பெரும்பாலும் எந்தச் செய்தியும் வந்து சேரவில்லை.

7. அடுக்களை மேசையில் எழுதப்பட்ட நூல்

ஃபேசி கதை சொல்வதில் வல்லவர். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேட்டு மகிழ்ந்த கதைகளை எழுதிவைக்குமாறு மனைவி தூண்டினார். அவர் அடுக்களை மேசையில் அமர்ந்து பல ஆண்டுகளாகக் குறிப்பேடுகளில் தம் கையால் எழுதிவந்தார். ஈவ்லின் 1976 ஆகஸ்டு 3ஆம் நாள் மறைந்தார். திருமணத்தின் 60ஆம் ஆண்டு நிறைவுக்குச் சில வாரங்களே இருந்தன. நூலின் இறுதிப் பகுதி அந்த இழப்பின் நிழலில் நிற்கிறது.

கையெழுத்துப்படி ஃப்ரீமாண்டில் கலை மையப் பதிப்பகத்துக்கு அனுப்பப்பட்டபோது, குடும்பத்தினருக்காக 20 படிகள் அச்சிட்டுத் தரவேண்டும் என்பதே அவருடைய வேண்டுகோள். பதிப்பகத்தார் அதனைப் பொதுநூலாக 1981இல் வெளியிட்டனர். அந்நூல் இலட்சக்கணக்கில் விற்றது, இலக்கிய விருதுகளைப் பெற்றது, பள்ளிகளில் பாடமாயிற்று. நூல் வெளிவந்து ஓர் ஆண்டு நிறையுமுன், 1982 பிப்ரவரியில், 87ஆம் வயதில் ஃபேசி காலமானார்.

8. அவருடைய மறுப்பு

இனி நம்மை நேரடியாகத் தொடும் பகுதிக்கு வருவோம். கல்லிப்போலிக்கு முன் தாம் கடவுளை நம்பியதாகவும், அங்குக் கண்டதும் செய்ததும் அந்நம்பிக்கையை அழித்துவிட்டதாகவும் ஃபேசி கூறுகிறார். அவருடைய மறுப்பில் மூன்று வாதங்கள் அடங்கியுள்ளன. பயனெட் சண்டையில் பங்குபெற்றுத் தெளிந்த அறிவோடு மீண்ட எவரும் திருமறையின் உண்மையையும் கடவுளின் வல்லமையையும் ஐயுறாதிருக்க இயலாது என்பது முதலாவது. உலகில் சமயங்கள் பலவாயிருப்பதோடு, அவையே போருக்கும் பகைக்கும் காரணமாயிருந்துள்ளன என்பது இரண்டாவது. மக்கள் பசித்திருக்கையில் சமய நிறுவனங்கள் செல்வத்தையும் சொத்தையும் குவித்துவைத்துள்ளன என்பது மூன்றாவது.

இவற்றுள் முதலாவது மட்டுமே கடவுளைப் பற்றியது. மற்ற இரண்டும் நம்மைப் பற்றியவை. துன்பத்தைப் பற்றிய இறையியல் விளக்கம் எவ்வளவு நுட்பமாயிருப்பினும், அது அந்த இரண்டுக்கும் விடையாகாது. அவற்றுக்கு விடை கூறவேண்டியது திருச்சபையின் வரவுசெலவுக் கணக்கும், அதன் சொத்து வழக்குகளும், போர்க்காலத்தில் அதன் பிரசங்கமுமேயாகும்.

முதல் வாதத்தையும் உற்றுநோக்குவோம். வேதனை அடைந்ததால் நம்பிக்கை இழந்தேன் என்று அவர் சொல்லவில்லை. சாட்டையடியும் அநாதை வாழ்வும் அவருடைய நம்பிக்கையைப் பறித்துவிடவில்லை. பிறனைக் கொன்ற அனுபவமே அதனைப் பறித்தது. நம் இறையியல் துன்புறுபவனுக்கு ஆறுதல் கூறப் பழகியிருக்கிறது. கட்டளைப்படி கொலைசெய்து, விருதும் வாழ்த்தும் பெற்று, உள்ளம் உடைந்து வீடு திரும்பியவனிடம் என்ன சொல்வது என்பதை அது போதிய அளவு கற்கவில்லை. நீ செய்தது நீதி என்று அன்றைய மேடைகள் அவனிடம் சொல்லின. பாவமே இல்லை என்று சொல்லப்பட்டவனுக்கு மன்னிப்பும் வழங்கப்படவில்லை. அவன் கைகளில் இருந்த இரத்தத்தைப் பற்றிப் பேச அவனுக்கு ஓர் இடமும் இல்லாமற்போயிற்று.

ஜெர்மானிய இறையியலறிஞர் யூர்கன் மோல்ட்மனை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1943இல் ஹாம்பர்க் நகர்மீது குண்டுமழை பொழிந்தபோது 17 வயது இளைஞரான அவர் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பணியில் இருந்தார், அருகில் நின்ற நண்பர் மாண்டார், அவர் பிழைத்தார். பின்பு கைதியாகச் சிறைமுகாமில் இருக்கையில் திருமறையைக் கையிலெடுத்து, புலம்பல் சங்கீதங்கள் வழியாகவும், கைவிடப்பட்ட இயேசுவின் கூக்குரல் வழியாகவும் நம்பிக்கைக்கு வந்தார். 1972இல் வெளிவந்த 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' என்னும் அவருடைய நூலுக்கு வேர் அங்கேயே உள்ளது. போர் ஒருவரை நம்பிக்கைக்குக் கொண்டுவந்தது. மற்றொருவரை அதிலிருந்து வெளியே தள்ளியது. இதிலிருந்து ஒருவர் உயர்ந்தவர், மற்றவர் தாழ்ந்தவர் என்று தீர்ப்புக் கூற நமக்கு உரிமையில்லை. மோல்ட்மன் கைக்கு எட்டிய கடவுள் புலம்பலைக் கேட்கும் கடவுள். ஃபேசிக்கு அறிவிக்கப்பட்டதோ பேரரசின் வெற்றியை வாழ்த்தும் கடவுள். இவ்வேறுபாட்டையாவது நாம் கவனித்தல் வேண்டும்.

9. பாக்கியம் என்னும் சொல்

நம்பிக்கை இழந்த அம்மனிதர் தம் வாழ்வை ஏன் பாக்கியம் என்றார்? அவர் தரும் காரணம் எளியது. அன்பு என்றால் என்னவென்று அறியாமல் வளர்ந்த தமக்கு, ஈவ்லினும் பிள்ளைகளும் கிடைத்தார்கள்; திரும்பிப் பார்க்கும்போது வாழ்வு நிறைவாக இருந்தது. தமக்கு எதிராகச் செய்யப்பட்ட கொடுமைகளை விவரிக்கும் பக்கங்களிலும் பழிவாங்கும் தொனி இல்லை. அன்பு காட்டியவர்களை அவர் மறவாமல் குறிப்பிடுகிறார்.

தமிழ்க் கிறிஸ்தவனின் செவியில் 'பாக்கியம்' என்பது மலைப்பிரசங்கத்தின் சொல். ஃபேசி பயன்படுத்திய ஆங்கிலச் சொல்லுக்கு நல்லூழ் என்றே பொருள். மலைப்பிரசங்கத்தை அவர் எண்ணவில்லை. ஆகவே அவரை இறந்தபின் சபை உறுப்பினராக்கிக்கொள்வது நேர்மையன்று. அறியாமலே அவர் விசுவாசியாக இருந்தார் என்று கூறி ஆறுதல் அடைவதும் அவர் சொல்லை மதியாமையே. யோபுவின் நண்பர்கள் கடவுளுக்காக வாதாடுவதாக எண்ணி, துன்புற்றவனின் வாயை அடைக்க முயன்றனர். கதையின் முடிவில் கடிந்துகொள்ளப்பட்டவர்கள் அந்நண்பர்களே, யோபு அல்லன்.

நம் சபைகளிலும் படையில் பணியாற்றித் திரும்பியவர்கள் இருக்கின்றனர். நெருக்கடிகளிலும் கலவரங்களிலும் போர்களிலும் சிக்கிய குடும்பங்களும் உள்ளன. இலங்கையில் 1983 முதல் 2009 வரை நடந்த போருக்குப்பின், காணாமற்போன மகனுக்காக இன்னும் காத்திருக்கும் தாய்மாரை நாம் அறிவோம். அவர்களிடம் செல்லும் ஆயர், கடவுளுக்காக வழக்காடச் செல்வது வேண்டா. முதலில் கேட்கச் செல்வாராக. அவர்கள் நாளையும் இடத்தையும் தவறாகச் சொல்லக்கூடும், கடவுளைக் குற்றஞ்சாட்டவும் கூடும், நம்மையும் குற்றஞ்சாட்டக்கூடும். அக்குற்றச்சாட்டில் உண்மை இருக்குமானால் அதனை ஒப்புக்கொள்வதே நற்செய்திப் பணியின் தொடக்கமாகும்.

பன்பரி ஊர்ப் பெண் ஒருத்தி முகமறியாத ஒருவனுக்காகக் காலுறை பின்னினாள். போரின் நடுவில் ஃபேசியை வந்தடைந்த நல்ல செய்தி அது ஒன்றே. நாடெங்கும் ஒலித்த பிரசங்கங்கள் அவருடைய நூலில் தடமின்றி மறைந்தன. அந்தத் துண்டுச்சீட்டு 60 ஆண்டுகளுக்குப் பின்னும் நினைவில் இருந்தது. பிரசங்கம் ஆயத்தம் செய்யும் ஒவ்வொருவரும் இதனைச் சிந்தித்தல் தகும்.